வயித்துத் தண்ணியும் வாய்வெண்ட பொய்யும்

வாட்டிலை வேலை செய்யிற ஆக்களுக்கு முதல் மரத்துப்போறது மூக்கு, பிறகு கை. காது மட்டும் பென்சன் எடுக்குமட்டும் மரத்துப்போகாது. நான் ஆண்கள் மருத்துவ வாட்டிலை இருபத்திமூண்டு வருசம் நர்ஸ். சனம் எங்களை மிஸ்ஸி எண்டுதான் கூப்பிடும். நீங்களும் வாட்டிலை நிண்டு நிண்டு கால் வீங்கின ஆளெண்டால், இல்லாட்டி ஒரு கட்டிலுக்குப் பக்கத்திலை வாங்கிலை இருந்து இடுப்பு நொந்த ஆளெண்டால், நான் சொல்லப்போறது உங்களுக்கு உடனை விளங்கும். மற்றவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஈரல் பழுதாப்போய் வயித்திலை தண்ணி கட்டின ஆக்கள் எங்கடை வாட்டிலை எப்பவும் நாலைஞ்சு பேர் கிடப்பினம். அதிலை ஒருத்தரைப் பற்றித்தான் இது. அவரின்ரை உண்மைப் பேர் வேறை. நான் தவராசா எண்டு வைக்கிறன்.

எத்தினை போத்தல்?

தவராசா அண்ணை பருத்தித்துறைப் பக்கம் ஆள். தோட்டங்களுக்குத் தண்ணி இறைக்கிற மெசின் திருத்திறது தொழில். வயசு அம்பத்தாறு. முதல் நாள் வரேக்கை வயிறு பானை மாதிரி, கால் ரெண்டும் வீங்கி, கண் மஞ்சள். பதிஞ்ச டொக்டர் பொடியன் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பீங்கள்?" அவர் இல்லையெண்டார். டொக்டர் அதை எழுதாமல் பேனையைப் பிடிச்சபடி பாத்துக்கொண்டு நிண்டார். கட்டில் தள்ளின கணேசண்ணை போற வழியிலை "கள்ளோ, சாராயமோ?" எண்டு கேட்டார். நான் பின்னேரம் குளிசை குடுக்கேக்கை கிட்டக் குனிஞ்சு, "அண்ணை, எனக்கு மட்டும் சொல்லுங்கோ, எத்தினை போத்தல்?" எண்டு கேட்டன். இதை எழுதேக்கை எனக்கு வெக்கமாத்தான் இருக்கு.

அந்த மனுசன் வாயிலை ஒரு சொட்டு வைச்சதில்லை. பதினைஞ்சு வருசமாச் சீனி வருத்தம், ஈரலிலை கொழுப்புப் படிஞ்சு படிஞ்சு, கடைசியிலை அது சுருங்கிக் கல்லாப்போச்சு. குடிக்காத ஆக்களுக்கும் உப்பிடி வரும், இப்ப கூடவும் வருது. பெரிய டொக்டர் அதை மனிசிக்கு வடிவா விளங்கப்படுத்தினார். மனிசி பரமேசக்கா எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, டொக்டரை விட்டிட்டு என்ரை பக்கம் திரும்பிச் சொன்னா: "கலியாண வீட்டிலை சோடா குடுத்தாலே ஏவறை வருமெண்டு பாதியிலை வைக்கிற மனுசன், மிஸ்ஸி. இவரைப் போய் எல்லாரும் கேக்கினம்."

உள்ளுக்குள்ளை கள்ளன்

ஊசி போட்டு ஆறு லீற்றர் தண்ணி எடுத்தம். வெளிறின தேத்தண்ணி நிறம். எடுக்க எடுக்க அவருக்கு மூச்சு லேசாகி, கட்டிலிலை நிமிந்து இருந்து, குழாய் எந்தப் பக்கம் சரிஞ்சால் கெதியா வரும் எண்டு எங்களுக்கே சொல்லித் தந்தார். ஊர் முழுக்கத் தண்ணி இறைச்சவர் எல்லே.

அவரை வீட்டை அனுப்பேக்கை நான் நெடுகச் சொல்லிற பாடத்தைச் சொன்னன். "அண்ணை, இந்தத் தண்ணி திரும்பவும் கட்டும். கட்டின தண்ணியிலை கிருமி பிடிச்சால் ஆள் தப்பிறது கஷ்டம். காய்ச்சல், குளிர், வயித்து நோ, கதை மாறிறது, இதிலை ஒண்டு வந்தாலும் அண்டைக்கே வாங்கோ. ஒரு கரண்டித் தண்ணி எடுத்துப் பாத்திட்டு உடனை மருந்து ஏத்தினால் காப்பாத்தலாம். நாளைக்கெண்டு வைச்சால் எங்களாலை ஏலாது." பரமேசக்கா, வெளியிலை ஒரு காயமும் இல்லாமல் கிருமி எதாலை உள்ளிடும் எண்டு கேட்டா. அது வெளியிலை இருந்து வாறதில்லை, அவரின்ரை சொந்தக் குடலுக்குள்ளை இருக்கிறதுதான் மதில் கடந்து தண்ணிக்குள்ளை போகுது எண்டன். அதுக்குத் தவராசா அண்ணை, "அப்ப கள்ளனைத் தேடி ரோட்டிலை நிண்டு பிரயோசனமில்லை, வீட்டுக்குள்ளைதான் பாக்கவேணும்" எண்டார்.

ஈரல் எண்ட சொல்

அவையின்ரை வீட்டுக்குக் கிட்ட ஒரு ஆசுப்பத்திரி இருக்கு. அதை விட்டிட்டு ஒரு மணித்தியாலம் பஸ்ஸிலை எங்களிட்டை ஏன் வருகினமெண்டு ஒரு கிளினிக் நாளிலை கேட்டன். பரமேசக்கா சுத்திப் பாத்துப்போட்டுக் கதையைச் சொன்னா. ஒரேயொரு மகள், பேர் நிரோசா, நேசறிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாள். சம்பந்தம் ஒண்டு பொருந்தி வந்திருக்கு. ஊரிலை ஈரல் எண்டால் குடி. தேப்பன் குடிகாரன் எண்டு ஒரு கதை எழும்பினால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போயிடுவினம். அதாலை அயலட்டைச் சனத்துக்கு வாய்வெண்டு சொல்லியிருக்கினம். கிளினிக் கொப்பியைப் பேப்பரிலை சுத்தி, அதை மரக்கறிப் பையின்ரை அடியிலை வைச்சுக் கொண்டுவருகினம். மனுசன் சேட்டுக்குள்ளை வயித்தை ஒரு துவாயாலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவிழ்க்கேக்கை தோலிலை வரி வரியாத் தழும்பு.

எனக்குக் கோபம் வந்தது. உப்பிடிக் கட்டக்கூடாதெண்டு பேசினன். அவர் துவாயை மடிச்சு மடியிலை வைச்சார். பரமேசக்காதான் என்ரை கையைப் பிடிச்சா. "கலியாணம் முடியுமட்டும் அந்தச் சொல்லை வாயிலை எடுக்காதேங்கோ மிஸ்ஸி. வயிறெண்டு சொல்லுங்கோ, நாங்கள் விளங்கிக்கொள்ளுறம்."

விசாரிக்க வந்தவ

எங்கடை பக்கத்திலை கலியாணம் பேசினால் சாதகத்தோடை விசாரணையும் நடக்கும். பள்ளிக்கூடம், கோயில், வேலைத்தலம் எல்லா இடமும் போய்ப் பக்குவமாக் கேப்பினம். ஆசுப்பத்திரிக்கும் வருவினம் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையின்ரை பெரியம்மா, நல்ல சீலை உடுத்த, மரியாதையான மனுசி. நான் வேலை முடிஞ்சு போகேக்கை வாசலிலை நிண்டா. தவராசா இஞ்சை வந்து போறவராமே, என்ன வருத்தமெண்டு கேட்டா.

நோயாளியின்ரை விசயம் வெளியிலை சொல்லக்கூடாது எண்டதுதான் சட்டம். அப்பிடிச் சொல்லிப்போட்டு நான் போயிருக்கவேணும். ஆனால் வாய் மூடினால் சந்தேகம் கூடும் எண்டு எனக்கு ஒரு கெட்டித்தனம். "வாய்வு, அம்மா. இந்த வயசிலை ஆருக்கு இல்லை?" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னன். அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது செய்தன் எண்ட நினைப்பிலை வீட்டை போய் நிம்மதியாச் சாப்பிட்டனான். அவ போகேக்கை சொன்னது இது: "அது காணும் மிஸ்ஸி. குடிகாரர் வீட்டிலை மட்டும் எடுக்கக்கூடாதெண்டுதான் வந்தனான்."

செல்வத்துக்கு ஒளிக்கப் பழக்கமில்லை

இடையிலை ஒருத்தர். அரியாலை மேசன், பேர் செல்வம். உண்மையாவே குடிச்சு ஈரலைப் பழுதாக்கின ஆள். தண்ணி கட்டி மூண்டாம் தரம். ஒரு நாள் காலமை பத்து மணிக்கு வாட்டு வாசலிலை நிண்டு, குளிருது, வயிறு நோகுது, ஊசியைக் கொண்டாங்கோ எண்டு சத்தம் போட்டார். அரை மணித்தியாலத்துக்குள்ளை தண்ணி எடுத்து அனுப்பினம். கிருமிதான். மத்தியானத்துக்கு முதல் மருந்து ஏறத் தொடங்கீட்டுது. எட்டாம் நாள் வெத்திலை கேட்டுக்கொண்டு வீட்டை போனார்.

போகேக்கை, எல்லாரும் உம்மை மாதிரி நேரத்துக்கு வந்தால் எங்களுக்கு வேலை லேசு எண்டு நான் சொன்னன். உள்ளதைச் சொல்லவேணும், எனக்கு அண்டைக்குத் தவராசா அண்ணையின்ரை நினைப்பு வந்தது, கலியாணத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு எண்டும் நினைச்சனான். செல்வம் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "நான் குடிக்கிறது எங்கடை ஒழுங்கை நாய்க்கும் தெரியும். பிறகென்னத்துக்கு மிஸ்ஸி, வீட்டிலை ஒளிச்சுக்கொண்டு படுக்கிறது?"

கணகணப்பு

கலியாணத்துக்கு நாலு நாள் முதல் பரமேசக்கா போன் எடுத்தா. மனுசனுக்கு உடம்பு கொஞ்சம் கணகணக்குதாம், சாப்பாடு இறங்கேல்லையாம். நான் உடனை வரச் சொன்னன். பந்தல்காரன் வந்து நிக்கிறானாம், பலகாரச்சூடு நாளைக்காம், மாப்பிள்ளை பகுதியிலை ரெண்டு பேர் வீட்டிலை நிக்கினமாம். அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை ஆசுப்பத்திரிக்குப் போகேலாதாம். காய்ச்சல் குளிசை குடுத்தனான், கொத்தமல்லி அவிச்சும் குடுத்தனான், இப்ப வேர்த்திட்டுது எண்டா.

இந்த வருத்தத்திலை காய்ச்சல் கொதிச்சுக்கொண்டு வராது. ஈரல் பழுதான உடம்புக்குக் கொதிக்கவும் பெலன் இல்லை. கணகணப்புத்தான் அதின்ரை முழுச் சத்தம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் என்ன செய்தனான்? வாட்டிலை புதுசா ரெண்டு பேர் வந்து நிண்டவை, நான் போனைக் காதிலை இடுக்கிக்கொண்டு ஊசி நிரப்பினபடி, "நாளைக்கெண்டாலும் கட்டாயம் வாங்கோ" எண்டன். நாளைக்கு எண்ட சொல் என்ரை வாயாலைதான் வந்தது. பரமேசக்கா அதைக் கெட்டியாப் பிடிச்சா. "நீங்களே நாளைக்கெண்டு சொல்லுறியள், அப்ப பெரிசா ஒண்டுமில்லைத்தானே மிஸ்ஸி."

தாரை வாத்த கை

அவை வரேல்லை, நானும் திரும்பப் போன் எடுத்துக் கேக்கேல்லை. கலியாணம் நல்லூரிலை ஒரு மண்டபத்திலை. எனக்கும் காட் வந்தது. பின்னேரம் எனக்கு வேலை எண்டபடியால் சாப்பாட்டோடை வெளிக்கிடலாமெண்டு போனனான். மூண்டாவது வரிசையிலை இருந்தன். தவராசா அண்ணை வேட்டி சால்வையோடை மணவறையிலை இருந்தார். வயித்திலை துவாய் கட்டியிருக்கிறது எனக்கு மட்டும் தெரியும். தாரை வாக்கிற நேரம் ஐயர் பெண்ணின்ரை பூட்டன், பாட்டன் பேர் எல்லாம் கேப்பார், தேப்பன்தான் சொல்லவேணும். இவருக்குத் தன்ரை தேப்பன்ரை பேர் வரேல்லை. ஒருக்கா மகளின்ரை பேரைச் சொன்னார், பேந்து ஏதோ மெசினின்ரை பேரைச் சொன்னார். நாக்குத் தடக்கிச்சு. செம்பைப் பிடிச்ச கை கோழி செட்டை அடிக்கிற மாதிரி அடிச்சுது. தண்ணி மாப்பிள்ளையின்ரை கையிலை விழாமல் பட்டு வேட்டியிலை விழுந்தது. சபையிலை சிலர் சிரிச்சினம். எனக்குப் பின்னாலை, மாப்பிள்ளையின்ரை பெரியம்மா பக்கத்திலை இருந்தவவுக்குச் சொன்னா, "விடியவே போட்டிட்டார் போலை."

 ஈரல் சுத்தம் செய்யாத நஞ்சு மூளைக்கு ஏறினால் உப்பிடித்தான். கிருமி வந்து கிடந்தால் அது ஒரு நாளிலை ஏறும். நான் மணவறைக்குப் பின்னாலை போய்ப் பரமேசக்காவைப் பிடிச்சன். இப்பவே கொண்டுபோவம், வாசலிலை ஓட்டோ நிக்குது, இது குடிச்ச வெறி இல்லை, கிருமி எண்டன். அவவுக்கு விளங்கினது.  மகளைப் பாத்தா, சபையைப் பாத்தா. நான் சத்தமாச் சொல்லியிருக்கலாம். மைக் கிட்டத்தான் இருந்தது. சொன்னால் என்ரை வாய்வும் வெளியிலை வரும், அதுவும் எனக்கு நினைப்பிலை வந்தது, அதை மறைக்க மாட்டன். பரமேசக்கா என்ரை காதுக்குள்ளை கெஞ்சினா: "தாலி ஏறட்டும் மிஸ்ஸி. தாலி மட்டும் ஏறட்டும்."

தேசிக்காய்

தாலி ஏறினது. பிறகு பந்தி முடியட்டும் எண்டா. பிறகு பொம்பிளை மாப்பிள்ளையோடை கால்மாறி அவையின்ரை வீட்டை போகட்டும் எண்டா. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. பின்னேரம் கட்டாயம் கொண்டுவருவம் எண்டு சத்தியம் பண்ணினா, நான் நம்பிப்போட்டு பஸ் ஏறினன். பின்னேரம் முழுக்க வாட்டு வாசலையே பாத்துக்கொண்டு நிண்டன். போன் எடுத்தால் மணி அடிச்சு அடிச்சு நிண்டுது.

ரெண்டாம் நாள்தான் கொண்டுவந்தவை. அதுவரை என்ன நடந்ததெண்டு பரமேசக்கா அழுதழுது சொன்னா. சனம் எல்லாரும் வெறி எண்டு நினைச்சு அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைச்சு, தேசிக்காய் கரைச்சுக் குடுத்து, தலையிலையும் தேய்ச்சிருக்கினம். வெறி இல்லை எண்டு சொல்லவெண்டால் ஈரல் எண்டு சொல்லவேணும். ஈரல் எண்டு சொன்னாலும் சனம் குடி எண்டுதான் எடுக்கும். ரெண்டு பக்கமும் அடைபட்டு அந்த மனிசி பேசாமல் நிண்டிருக்கிறா. "தேசிக்காய்த் தண்ணியை நான்தான் பருக்கினனான் மிஸ்ஸி," எண்டா, "பருக்கேக்கை அவர் என்னையே பாத்துக்கொண்டு இருந்தவர்."

எழுதினதும் வெட்டினதும்

கட்டிலிலை போட்ட உடனை தண்ணி எடுத்தம். அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கலங்கி வந்தது. அதைப் பாத்த உடனையே எனக்குத் தெரியும். டொக்டர் பொடியன் ஓடி ஓடி எல்லாம் செய்தார், அவரிலை ஒரு பிழையும் இல்லை. மருந்து ஏத்தினம், புரதப் போத்தல் ஏத்தினம். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கைவிட்டிட்டுது. சலம் சேருற பை வெறுமையாத் தொங்கினது. நான் வாற ஒவ்வொரு தரமும் முதல் அந்தப் பையைத்தான் பாப்பன்.

கட்டில் தலைமாட்டுக் கொப்பியைத் திறந்தால் டொக்டர் "குடிப்பழக்கம் உண்டு, கடைசியாகக் கலியாண வீட்டில்" எண்டு எழுதியிருக்கிறார். கூட வந்த பெரியம்மாதான் சொல்லியிருக்கிறா. நான் வாழ்க்கையிலை முதல் தரம் ஒரு டொக்டரோடை சண்டை பிடிச்சு அதை வெட்டுவிச்சன். பிறகு வெளியிலை போய்ப் பெரியம்மாவிட்டை உள்ளதைச் சொன்னன். ஈரல்தான், ஆனால் குடி இல்லை, சீனி வருத்தத்தாலை வந்தது, கலியாணத்திலை நடந்தது வயித்துக் கிருமியாலை வந்த மயக்கம், நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னனான் எண்டு ஒண்டும் விடாமல் சொன்னன். அவ ஆறுதலாக் கேட்டா. கோவிக்கவும் இல்லை. "முந்தி வாய்வெண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள், மிஸ்ஸி. இப்ப குடிக்கேல்லை எண்டும் நீங்கள்தான் சொல்லுறியள்" எண்டா.

வாட்டுக்கு வந்து நாலாம் நாள் காலமை தவராசா அண்ணை செத்துப்போனார். மகள் புதுப் பொம்பிளைச் சீலையோடையே வந்து நிண்டாள்.

ஒரு துண்டு

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு ஒரு கிழமையிலை பரமேசக்கா வாட்டுக்கு வந்தா. ஆள் பாதியாப் போனா. வாங்கிலை இருத்தித் தேத்தண்ணி குடுத்தன். குடிக்காமல் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தா. மகளின்ரை கலியாணம் குழம்பேல்லையாம், மாப்பிள்ளை நல்ல பொடியனாம். ஆனால் அந்த வீட்டிலை வெறிக்குட்டி மாமா எண்டு ஒரு பகிடி ஓடுதாம், அது தொடங்கினால் பிள்ளை எழும்பி அடுப்படிக்குப் போயிடுவாளாம். அதாலை ஒரு துண்டு வேணும் எண்டா. அவர் குடிச்சதில்லை எண்டு டொக்டரின்ரை கையெழுத்தோடை ஒரு துண்டு. மகள் அதைக் கொண்டுபோய் அங்கை காட்டவேணுமாம்.

ஆசுப்பத்திரியிலை குடிக்கிறவர் எண்டு எழுத இடம் இருக்கு. குடிக்காதவர் எண்டு வெளியிலை காட்டத் துண்டு குடுக்கிற வழக்கம் இல்லை. எண்டாலும் பெரிய டொக்டரைக் கேட்டுப் பாக்கிறன் எண்டன். நம்பாதவைக்கு எந்தத் துண்டும் வேலை செய்யாது எண்டு எனக்குத் தெரியும், அதை அவவுக்குச் சொல்ல மனம் வரேல்லை. இவ்வளவுக்கும் காரணம் நானும்தான் எண்டு சொல்லி அழுதிட்டன். அவ என்ரை முதுகைத் தடவி விட்டா. எழும்பிப் போனா. கதவடிவரைக்கும் போய்ப்போட்டுத் திரும்பி வந்து, ஆரும் கேக்கினமோ எண்டு பாத்து, மெல்லமாக் கேட்டா: "கோவிக்காதேங்கோ மிஸ்ஸி, எனக்கு மட்டும் சொல்லுங்கோ. கலியாணத்தண்டைக்கு விடிய அவர் கொஞ்சமெண்டாலும் ஒளிச்சுக் குடிச்சிருப்பாரோ?"

வயித்துத் தண்ணியிலை வந்த கிருமி பத்து நாளுக்குள்ளை ஆளைக் கொண்டுபோட்டுது, ஊர் வாயிலை வந்த குடிகாரக் கதை ஆள் போனாப்பிறகும் பெலமா இருக்கு, அதுக்குத் தவணை தப்பாமல் தீன் போட்ட ஆக்களிலை சம்பளம் வாங்கின ஆள் நான் ஒருத்திதான்.